புது புளூஸ், ஜாஸ், ஃபோக் ஆல்பங்களைத் தேடிக் கேட்பது எப்படி?

புளூஸ் கேட்டுப் பார்க்கலாம் என்று ஏதாவதொரு ஸ்ட்ரீமிங் செயலியில் தேடுங்கள். அறுபது, எழுபது வருடத்துக்கு முந்தைய பாட்டுகள் வந்து நிற்கும். ஜாஸ் என்று தேடினால் பழைய மேதை மைல்ஸ் டேவிஸ் வருவார். அவருக்குக் கீழே, படிக்கும்போதும் தூங்கும்போதும் ஓடவிட வேண்டிய பின்னணி இசை மணிக்கணக்கில் வரும். ஃபோக், அதாவது நாட்டுப்பாட்டு வகை, என்று தேடினால் நிலைமை இன்னும் மோசம். கிட்டாரும் மெல்லிய குரலும் இருந்தால் போதும், எல்லாமே ஃபோக்.

இந்தத் தேடலில் சிக்காத இசை வாராவாரம் வந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் சின்ன லேபிள்கள் (இசை வெளியிடும் நிறுவனங்கள்) வெளியிடுபவை, அல்லது கலைஞர் சொந்தக் காசில் வெளியிடுபவை. விளம்பரத்துக்குப் பணம் கிடையாது, அதனால் தானாக உங்கள் காதுக்கு வராது. நாம்தான் போக வேண்டும். போகும் வழியை ஒரே வரியில் சொல்கிறேன்: ஆல்பத்தின் பெயரைவிட, அதில் வாசித்தவர்களின் பெயர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள படிகளில் பாதி இந்த ஒரு வரியின் விரிவுதான்.

படி 1: ஒரே ஒரு கதவைத் திறங்கள்

மூன்றையும் ஒரே வாரத்தில் தொட வேண்டாம். எதுவும் மனதில் நிற்காது. ஒவ்வொன்றிலும் ஓர் ஆல்பம் சொல்கிறேன், உங்களுக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜாஸ்: கிட்டாரிஸ்ட் ஜெஃப் பார்க்கரின் ‘த வே அவுட் ஆஃப் ஈஸி’ (2024). புளூஸ்: ஜெரன் பாக்ஸ்டனின் ‘திங்ஸ் டன் சேஞ்ச்டு’ (2024). ஃபோக்: டப்ளின் நகரத்துக் குழுவான லங்கமின் ‘ஃபால்ஸ் லங்கம்’ (2023).

ராஜா பாட்டில் பாஸ் கிட்டாரை மட்டும் தனியாகக் காது கொடுத்துக் கேட்கிற ஆள் நீங்கள் என்றால் முதலாவது. ஒரு மனிதர், ஒரு வாத்தியம், ஒரு கதை போதும் என்றால் இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் இருட்டானது. இரவில் ஹெட்போனோடு கேட்க வேண்டியது. பயந்த சுபாவம் உள்ளவர்கள் பகலில் கேளுங்கள், தப்பில்லை.

படி 2: பேண்ட்கேம்ப்பில் ஒரு கணக்கு

பெரிய நிறுவனங்களைச் சாராத சுயாதீன இசைக்கு முக்கியமான சந்தை பேண்ட்கேம்ப். 2008-ல் தொடங்கிய தளம். 2022-ல் வீடியோ கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் வாங்கியது, அடுத்த வருடமே சாங்டிரேடர் என்ற நிறுவனத்துக்கு விற்றது, அந்தக் கைமாற்றத்தில் ஊழியர்களில் பாதிப் பேர் வேலை இழந்தார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் இந்த மூன்று வகை இசையிலும் புதிதாக வருவதில் பெரும்பகுதியை ஒரே இடத்தில் கேட்டுப் பார்த்து, பிடித்தால் கலைஞரிடமிருந்தே வாங்க இதைவிட நல்ல இடம் இன்னும் அமையவில்லை.

ரசிகர் கணக்கு இலவசம். திறந்ததும் மூன்று வேலை செய்யுங்கள். பிடித்த கலைஞர் பக்கத்தில் ‘பின்தொடர்’ பொத்தானை அழுத்துங்கள். அடுத்த ஆல்பம் வரும்போது மின்னஞ்சல் வரும். அதே பொத்தான் லேபிள் பக்கத்திலும் இருக்கும், அதையும் அழுத்துங்கள். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவற்றை விருப்பப் பட்டியலில் போட்டு வையுங்கள். அவ்வளவுதான். முழுப் பாட்டையும் வாங்காமலே கேட்கலாம். சில முறை கேட்டபின் ‘வாங்குகிறீர்களா’ என்று ஒரு பெட்டி எழும்பி நிற்கலாம். நியாயமான கேள்விதான்.

வகைப் பெயரை வைத்துத் தேடும்போது ‘ஜாஸ்’ என்று பொதுவாகப் போடாதீர்கள், கடலில் விழுந்துவிடுவீர்கள். ஊர்ப் பெயரைச் சேருங்கள்: சிகாகோ ஜாஸ், லண்டன் ஜாஸ், மிசிசிப்பி புளூஸ். இந்த இசையில் ஊர் என்பது ஏறக்குறைய ஒரு பாணியின் பெயர்.

புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைகளில் வரும். 2015 ஜூலை முதல் உலகம் முழுக்க இதே வழக்கம். நம் சினிமா மாதிரியே, வெள்ளி ரிலீஸ். வெள்ளிதோறும் மின்னஞ்சலைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

படி 3: யார் வாசித்தது என்று பாருங்கள்

இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஜெஃப் பார்க்கரின் ஆல்பத்தையே எடுத்துக்கொள்வோம்.

லாஸ் ஏஞ்சலஸில் ஹைலேண்ட் பார்க் பகுதியில் ஈடிஏ என்று ஒரு சின்ன மதுக்கடை இருந்தது. திங்கட்கிழமை இரவுகளில் பார்க்கரும் மூன்று பேரும் அங்கே பல வருடம் வாசித்தார்கள். தொடக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஜாஸ் மெட்டுகள். போகப் போக மெட்டுகள் கழன்றுவிட்டன. ஒரே தாளத்தைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நால்வரும் சேர்ந்து நகர்கிற ஒன்றாக அது மாறிப்போனது. 2023 ஜனவரி 2, ஒரு திங்கட்கிழமை. அன்று இரவு வாசித்ததை பிரைஸ் கொன்சாலெஸ் என்ற ஒலிப்பதிவாளர், தானே கட்டிய மிக்ஸரில் (ஒலிகளைக் கலக்கும் கருவி) நேரடியாகப் பதிவு செய்தார். அதுதான் இந்த ஆல்பம். மொத்தம் நான்கே உருப்படி. அதே வருடக் கடைசியில் ஈடிஏ மூடப்பட்டது.

முதல் உருப்படி மட்டும் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். தொடக்கத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. அங்கேதான் பலர் அணைத்துவிடுகிறார்கள். பாஸை மட்டும் பின்தொடருங்கள். ஒரு சின்னச் சொற்றொடரை பாஸ் திரும்பத் திரும்பச் சொல்லும். சாக்சபோன் அதன் மேல் வந்து உட்காரும். சாக்சபோனின் ஒலியே மின்கருவி வழியாக இரட்டித்து, யார் வாசிக்கிறார்கள் என்று குழம்பும் இடம் ஒன்று வரும். அந்தக் குழப்பம் பிடித்துவிட்டால் மீதி தானாக நடக்கும்.

இப்போது ஆல்பத்தின் கீழே இருக்கும் பெயர்களைப் படியுங்கள். சாக்சபோன் ஜாஷ் ஜான்சன், பாஸ் அன்னா பட்டர்ஸ், டிரம்ஸ் ஜே பெல்லரோஸ். ஒவ்வொரு பெயரையும் தேடுங்கள்.

ஜாஷ் ஜான்சன் 2024-ல் ‘அன்யூஷுவல் ஆப்ஜெக்ட்’ என்று தனியாக ஓர் ஆல்பம் போட்டிருக்கிறார். அன்னா பட்டர்ஸுக்கு அதே வருடம் ‘மைட்டி வெர்ட்டிப்ரேட்’. இது துள்ளலானது, பார்க்கர் ஆல்பம் மெதுவாக இருக்கிறது என்று நினைத்தவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். இந்த இருவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்தது எஸ்எம்எல் என்ற குழு. அவர்களுடைய ‘ஸ்மால் மீடியம் லார்ஜ்’ (2024) ஆல்பத்தின் மூலப் பதிவுகளும் ஈடிஏ மேடையில் எடுத்தவையே, பிறகு வெட்டி ஒட்டிச் செய்தார்கள். ஒரு மதுக்கடையிலிருந்து நான்கு ஆல்பம் ஆகிவிட்டது. டிரம்ஸ் வாசித்த பெல்லரோஸ் வேறு திசைக்குக் கூட்டிப்போவார்: ராபர்ட் பிளான்டும் அலிசன் கிராஸும் சேர்ந்து பாடிய ‘ரைசிங் சாண்ட்’ (2007) ஆல்பத்திலும் டிரம்ஸ் அவர்தான். அது ஃபோக்கும், அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியும் கலந்த உலகம். ஜாஸ் கதவு வழியாக நுழைந்து ஃபோக் வழியாக வெளியே வந்துவிட்டீர்கள்.

எந்தச் செயலியின் பரிந்துரையும் இந்தப் பாதையில் கூட்டிப்போகாது. ‘இதைக் கேட்டவர்கள் இதையும் கேட்டார்கள்’ என்று சொல்ல மட்டுமே அதற்குத் தெரியும். அந்த இரவில் அந்த மேடையில் யார் யார் பக்கத்தில் நின்றார்கள் என்பது வேறு கணக்கு.

படி 4: லேபிள்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

சின்ன லேபிள் என்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு பேரின் ரசனை. ஒரு லேபிளில் இரண்டு ஆல்பம் பிடித்தால் மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். தொடங்க இவை போதும்.

சிகாகோவின் இன்டர்நேஷனல் ஆந்தம் 2014-ல் தொடங்கியது. மேலே சொன்னவற்றில் பாதி இவர்களுடையது. மகாயா மெக்ரேவன் என்ற டிரம்மரின் ‘இன் த மொமென்ட்’ (2015) இவர்களைப் பரவலாக அறியவைத்த ஆல்பம்: ஒரே இடத்தில் ஒரு வருடத்தில் நடந்த 28 கச்சேரிகள், சுமார் 48 மணி நேரப் பதிவு, அதைக் கத்தரித்து ஓர் ஆல்பமாக்கியிருக்கிறார்.

புளூஸுக்கு அதே சிகாகோவில் அலிகேட்டர். 1971-ல் புரூஸ் இக்லாவர், கிட்டாரிஸ்ட் ஹவுண்ட் டாக் டெய்லரின் ஆல்பத்தை, தான் வேலை பார்த்த லேபிள் போட முன்வராததால் தானே போட்டுத் தொடங்கியது. மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபேட் பாஸம், புளூஸ் கலைஞர்கள் ஆர்.எல். பர்ன்சைடையும் ஜூனியர் கிம்பரோவையும் வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர்கள். இன்று ஜேக் ஸெர்க்ஸீஸ் ஃபசல் என்ற ஃபோக் பாடகரும் அங்கேதான் இருக்கிறார். அவருடைய ‘வென் ஐம் கால்டு’ (2024) லங்கமை விட எளிதான நுழைவாயில், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸை லேபிள் என்பதா, நூலகம் என்பதா தெரியவில்லை. மோசஸ் ஆஷ் 1948-ல் தொடங்கிய ஃபோக்வேஸை 1987-ல் அமெரிக்காவின் அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியன் நிறுவனம் வாங்கியது. பழைய ஆல்பங்களில் ஒன்றையும் விற்பனையிலிருந்து எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை, இன்றுவரை காப்பாற்றுகிறார்கள். பாக்ஸ்டன் ஆல்பம் இவர்கள் வெளியிட்டதுதான். இவர்கள் தளத்தில் பல ஆல்பங்களின் குறிப்புப் புத்தகத்தை, ஆல்பம் வாங்காமலே பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம். பாட்டு எங்கிருந்து வந்தது, யார் யாரிடம் கற்றது என்றெல்லாம் அதில் இருக்கும். புதிதாக வருபவருக்கு இலவசப் பாடப்புத்தகம்.

ஒரு எச்சரிக்கை. புளூ நோட் ஜாஸின் பெரிய பெயர், ஆனால் யுனிவர்சல் குழுமத்தின் கையில் இருப்பது. அதனால் கேட்கக் கூடாது என்றில்லை. சுயாதீனம் என்று நினைத்துக்கொண்டு கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

நம் பெயர்கள் சிலவும் இந்த லேபிள்களில் உண்டு. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி கானவ்யாவின் ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’ (2024) பெர்லினின் லைட்டர் என்ற லேபிளில் வந்தது. ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனுக்கான வணக்கமாக முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் சேர்ந்து செய்தது. விஜய் ஐயர், எஸ்பெரான்சா ஸ்பால்டிங், ஷபாகா ஹட்ச்சிங்ஸ் பெயர்கள் பட்டியலில் இருக்கும். படி 3-ஐ இங்கே செய்து பாருங்கள்: ஷபாகா வழியாக லண்டன் ஜாஸ் முழுவதும் திறக்கும், ஐயர் வழியாக நியூயார்க். அம்ரிதா கிடாம்பி ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு எல்டர் ஒன்ஸ் என்ற குழுவோடு செய்வது உரத்த, கோபமான இசை. ‘நியூ மான்யுமென்ட்ஸ்’ (2024) ஹெல்சிங்கியின் வீ ஜாஸ் வெளியீடு. மிருதங்கக் கலைஞர் ராஜ்னா சுவாமிநாதனின் ‘ஆஃப் ஏஜென்சி அண்ட் அப்ஸ்ட்ராக்ஷன்’ (2019) பயோஃபீலியா லேபிளில் வந்தது. அவர்கள் குறுந்தட்டே போடுவதில்லை. மடித்து மடித்து விரிகிற காகிதக் கலைப்பொருள் ஒன்றும், அதற்குள் தரவிறக்கக் குறியீடும் தருகிறார்கள். கையில் வைத்துப் பார்க்க அழகாக இருக்கும்.

படி 5: காதைப் பழக்குவது

ஜாஸைப் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. புளூஸில் முதலில் பாட்டின் அமைப்பைப் பிடியுங்கள். வழக்கமான புளூஸ் பாட்டில் ஒரு வரி பாடுவார், அதையே மறுபடி பாடுவார், மூன்றாவது வரியில் அதற்குப் பதிலோ காரணமோ சொல்வார். ஒவ்வொரு வரிக்கும் இடையில் கிட்டார் பதில் பேசும். இந்த மூன்று வரி ஒரு சுற்று, பன்னிரண்டு தாளக்கட்டு. இரண்டு பாட்டு எண்ணிப் பார்த்தால் அப்புறம் எண்ண வேண்டியிருக்காது. பாக்ஸ்டனின் ஆல்பம் இதற்கு நல்ல பயிற்சி. கிட்டார், பேஞ்சோ, ஹார்மோனிகா என்று பலதும் வாசிக்கக்கூடியவர், பார்வை பெருமளவு இழந்தவர்; நூறு வருடம் முந்தைய பாணியில் தானே எழுதிய பாட்டுகள்.

இந்தக் கணக்கை உடைக்கிற புளூஸும் உண்டு. வட மிசிசிப்பி மலைப்பகுதிப் பாணியில் பெரும்பாலும் ஒரே கார்டிலேயே (சுரக்கூட்டு) பாட்டு நின்று சுற்றும். சுருதிப் பெட்டிக்குப் பழகிய நம் காதுக்கு இது சட்டென்று பிடிபடும் என்பது என் அபிப்பிராயம். ஆர்.எல். பர்ன்சைடின் பேரன் செட்ரிக் பர்ன்சைடு, பதின்மூன்று வயதில் தாத்தாவுக்கு டிரம்ஸ் வாசிக்கப் போனவர், இன்று இந்தப் பாணியை முன்னெடுத்துச் செல்கிறார். அவருடைய ‘ஐ பி ட்ரையிங்’ (2021) அலபாமாவின் சிங்கிள் லாக் என்ற சின்ன லேபிளில் வந்து கிராமி வாங்கியது. ஜார்ஜியாக்காரர் ஜான்டேவியஸ் வில்லிஸின் ‘வெஸ்ட் ஜார்ஜியா புளூஸ்’ (2024) அதற்கு அடுத்து.

ஃபோக் ஆல்பத்தில் புதிதாக வருபவரைக் குழப்புவது ஒன்று உண்டு: ஆல்பம் புதிது, பாட்டு பழையது. லங்கம் ஆல்பத்தின் முதல் பாட்டு, ‘கோ டிக் மை கிரேவ்’, அமெரிக்கப் பாடகி ஜீன் ரிச்சியின் 1963-ம் வருடப் பதிவிலிருந்து குழுவின் பாடகி ரேடி பீட் எடுத்துக்கொண்டது. ரிச்சியின் பதிவு ஃபோக்வேஸில் இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள். பிறகு லங்கம். ஏறக்குறைய ஒன்பது நிமிடம். முதல் பாதி தனிக் குரல், பின்பாதியில் வாத்தியங்கள் ஒரு சவ ஊர்வலம் போல நெருங்கி வரும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் இந்தக் குழு என்ன செய்திருக்கிறது என்று விளங்கும். இப்படி ஆங்கில நாட்டுப்பாட்டுகளின் வடிவங்களைத் தேட ஒரு பட்டியலே உண்டு: ஸ்டீவ் ரவுட் என்ற நூலகர் தொகுத்த ரவுட் எண்வரிசை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு எண், அந்த எண்ணின் கீழ் அதன் எல்லா வடிவங்களும். லண்டனின் வான் வில்லியம்ஸ் நினைவு நூலகத் தளத்தில் இலவசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும், ஜாக்கிரதை.

தேடிக் களைத்துப்போனால் வானொலி. நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூடபிள்யூஓஇசட் சமூக வானொலி 1980-ல் இருந்து ஓடுகிறது, இணையத்தில் உலகம் முழுக்கக் கேட்கும். அவர்களுடைய காலை நமக்கு மாலை. வேலை முடிந்து சமைக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

படி 6: அசல்தானா என்று ஒரு பார்வை

2025-ல் இங்கிலாந்து ஃபோக் பாடகி எமிலி போர்ட்மேனின் பெயரில் ‘ஓர்கா’ என்று ஒரு புது ஆல்பம் ஸ்ட்ரீமிங் தளங்களில் வந்தது. அவர் அப்படி எதையும் பாடவே இல்லை. செயற்கை நுண்ணறிவில் செய்து அவர் பக்கத்தில் யாரோ ஏற்றிவிட்டார்கள். ரசிகர் ஒருவர் பாராட்டி எழுதிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. சின்னக் கலைஞர்கள்தான் இதற்கு வாகான இரை. காவலுக்கு ஆள் இல்லை.

ஆகவே ஸ்ட்ரீமிங்கில் புது ஆல்பம் ஒன்றைக் கண்டால், கலைஞரின் சொந்தத் தளத்திலோ பேண்ட்கேம்ப் பக்கத்திலோ அது இருக்கிறதா என்று பாருங்கள். வாசித்தவர்கள் பெயரும் ஒலிப்பதிவுக்கூடத்தின் பெயரும் எங்குமே இல்லை என்றால் சந்தேகப்படலாம்.

படி 7: வாங்குவது

ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் கலைஞருக்குப் பணம் போகாதா? போகும், சொற்பமாக. ஸ்பாட்டிஃபையில் 2024-ல் இருந்து ஒரு விதி: முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவை கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு உரிமத்தொகை ஒன்றுமே கிடையாது. பேண்ட்கேம்ப்பில் டிஜிட்டல் விற்பனையில் தளத்தின் பங்கு 15 சதவீதம், பணம் செலுத்தும் நிறுவனத்தின் கட்டணம் தனி, மீதி கலைஞருக்கோ லேபிளுக்கோ. பத்து டாலர் ஆல்பம் ஒன்றை நீங்கள் வாங்கினால் எட்டு டாலருக்குக் கொஞ்சம் கூடக் குறைய அந்தப் பக்கம் போகும்.

சிலர் ஸ்ட்ரீமிங் பக்கமே ஒதுங்குவதில்லை. ஜாஸ் இசையமைப்பாளர் மரியா ஷ்னைடர் ஆர்டிஸ்ட்ஷேர் என்ற தளம் வழியாக ரசிகர்களிடம் முன்பணம் வாங்கி ஆல்பம் செய்தார். கடைகளில் விற்காமல் இணையத்தில் மட்டும் விற்ற அவருடைய ‘கான்செர்ட் இன் த கார்டன்’ (2004) கிராமி வாங்கியது, அப்படி வாங்கிய முதல் ஆல்பம் அது. அவர் இசை வேண்டுமானால் அங்கே போய்த்தான் வாங்க வேண்டும்.

நடைமுறை: வங்கிச் செயலியில் அட்டையின் சர்வதேசப் பரிவர்த்தனையை இயக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பணம் போகாது. டாலர் மாற்றுக்கு வங்கி தனியாக ஒரு கட்டணம் எடுக்கும். ‘உங்கள் விலையைச் சொல்லுங்கள்’ என்றிருக்கும் ஆல்பங்களில் குறைந்தபட்ச விலைக்கு மேல் எவ்வளவும் தரலாம். சிலவற்றில் குறைந்தபட்சம் பூஜ்யம். அங்கேயும் ஒரு டாலராவது போடுங்கள், டீ காசுதான். வாங்கியதும் எந்த வடிவத்தில் வேண்டும் என்று கேட்கும். இடம் இருந்தால் ஒலித்தரம் குறையாத ஃபிளாக், ஒரு ஆல்பம் சுமார் 250, 300 எம்பி வரும். கைபேசியில் மட்டும் கேட்பவருக்கு எம்பி3 போதும், வித்தியாசம் தெரியாது. ஒரு பிரதியைக் கணினியில் சேமித்து வையுங்கள். தளங்கள் கைமாறுகின்றன என்று மேலேயே பார்த்தோம்.

வினைல் தட்டு ஆசை எல்லாருக்கும் வரும். அமெரிக்காவிலிருந்து ஒரு தட்டு வரவழைத்தால் தபால் செலவு தட்டின் விலையையே தாண்டும், அதற்கு மேல் சுங்கவரி. ஆறு மாதம் டிஜிட்டலில் கேட்டுவிட்டு, எது இன்னும் ஓடுகிறது என்று பார்த்து அதை மட்டும் வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. பேண்ட்கேம்ப் வெள்ளி என்று சில மாதங்களில் ஒரு வெள்ளிக்கிழமை வரும். கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில் தொடங்கியது. அன்று தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கும். தேதிகளை முன்கூட்டியே அறிவிப்பார்கள், நாட்காட்டியில் குறித்துக்கொண்டு விருப்பப் பட்டியலை அன்றைக்கு வாங்குங்கள். அமெரிக்க மேற்குக் கரை நேரம்தான் கணக்கு. இந்தியாவிலும் இலங்கையிலும் அங்கே கோடைக்காலமாக இருக்கும் மாதங்களில் வெள்ளி மதியம் 12.30-க்குத் தொடங்கி சனி மதியம் 12.30 வரை, குளிர்காலத்தில் இரண்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். வெள்ளி காலையில் எழுந்ததும் அவசரப்பட்டு வாங்கினால் அது சாதாரண விற்பனைக் கணக்கில்தான் சேரும்.